மெஸ்மரின் உயிர்க்காந்தம்: 1784ஆம் ஆண்டுச் சர்ச்சையில் நான்கு எழுத்துகள்

மெஸ்மரைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே கதைதான் சொல்லப்படுகிறது. வியன்னாவிலிருந்து ஒரு மருத்துவர் பாரிசுக்கு வந்து, கண்ணுக்குத் தெரியாமல் உடலில் பாயும் ‘உயிர்க்காந்தம்’ என்ற ஆற்றலால் நோய் தீர்ப்பதாகச் சொல்லி ஊரை மயக்கினார். 1784இல் அரசர் அமைத்த அறிஞர் குழு அவருடைய குட்டை உடைத்தது. இதில் பாதி உண்மை. அந்த ஆண்டுகளில் அச்சான எழுத்துகளை ஒன்றோடொன்று வைத்துப் படித்தால், குட்டு உடைந்த பிறகும் விடை கிடைக்காமல் கிடந்த ஒரு கேள்வி கண்ணில் படும்.

நான் எடுத்துக்கொள்வது நான்கு எழுத்துகள். மெஸ்மர் 1779இல் வெளியிட்ட சிறு நூல். 1784 ஆகஸ்ட் 11இல் கையெழுத்தான அரச ஆணைய அறிக்கை. அடுத்த மாதமே தாவரவியல் அறிஞர் ஜுஸ்யூ தனியாக வெளியிட்ட மாற்று அறிக்கை. அதே ஆண்டில் புய்செகூர் பிரபு எழுதிய நினைவுக் குறிப்புகள். நோயாளியின் உடலில் நடப்பது என்ன, எது சான்று, நோயாளிக்கு என்ன வழி என்ற மூன்று கேள்விகளையும் நால்வரிடமும் கேட்டுப் பார்க்கிறேன். மூன்றாவது கேள்விக்கே நான் அதிக எடை தருகிறேன். சிகிச்சை பற்றிய சண்டையில் நோயாளியை மறந்துவிட்டு வெற்றி தோல்வி எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

மெஸ்மரின் 27 கூற்றுகள்

ஃப்ரான்ஸ் அன்டோன் மெஸ்மர் முறையாகப் படித்த மருத்துவர். கோள்கள் மனித உடல்மீது செலுத்தும் தாக்கத்தைப் பற்றி ஆய்வேடு எழுதி 1766இல் வியன்னாவில் பட்டம் பெற்றவர். 1774இல் ஃப்ரான்சிஸ்கா ஓஸ்டர்லின் என்ற இளம்பெண்ணுக்குக் காந்தத் துண்டுகளை உடலில் வைத்துச் சிகிச்சை செய்தார். காந்தங்களைச் செய்து கொடுத்தவர் மாக்சிமிலியன் ஹெல் என்ற இயேசு சபை வானியலாளர். கண்டுபிடிப்பு யாருடையது என்று இருவருக்கும் உடனே தகராறு மூண்டது. காந்தமே தேவையில்லை, தன் உடலிலிருந்தே அந்த ஆற்றல் பாய்கிறது என்ற முடிவுக்கு மெஸ்மர் வந்தார்.

மறு ஆண்டு மியூனிக்கில் நடந்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். தென் ஜெர்மனியில் காஸ்னர் என்ற பாதிரியார் பேயோட்டி நோய் தீர்ப்பதாகப் பெரும் கூட்டம் திரண்டிருந்தது. மெஸ்மரிடம் கருத்துக் கேட்டார்கள். குணமாவது உண்மை, ஆனால் பேய் காரணமல்ல. தாம் அறியாமலே காஸ்னர் உயிர்க்காந்தத்தைத்தான் பயன்படுத்துகிறார் என்றார் மெஸ்மர். விளைவை ஒப்புக்கொண்டு விளக்கத்தை மட்டும் மாற்றும் இந்த வாதத்தை ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு பாரிசின் அறிஞர்கள் அவர்மீதே திருப்பினார்கள்.

1779 நூலின் முடிவில் 27 கூற்றுகள் உள்ளன. விண்பொருள்கள், பூமி, உயிருள்ள உடல்கள் ஆகியவற்றுக்கிடையே ஒன்றன்மீது ஒன்று செலுத்தும் தாக்கம் உண்டு. எங்கும் நிறைந்த, மிக நுண்ணிய ஒரு பாய்மம் அதைக் கடத்துகிறது. கடலின் ஏற்றவற்றம்போல உடலிலும் அது ஏறி இறங்குகிறது. கண்ணாடியில் பட்டு ஒளிபோலத் திரும்பும், ஒலியோடு பரவும், சேமித்தும் வைக்கலாம். நரம்பு நோய்களை நேரடியாகவும் மற்றவற்றை மறைமுகமாகவும் தீர்க்கும்.

இவற்றில் 18ஆவது கூற்றைக் கவனிக்க வேண்டும். சில உடல்களுக்கு எதிர்மாறான தன்மை உண்டு, அவை அருகில் இருந்தாலே பிற உடல்களில் காந்தத்தின் விளைவு முழுதும் அழிந்துவிடும் என்கிறது அது. ஒரு சோதனை தோற்றால் அந்த அறையில் அப்படிப்பட்ட ஒருவர் இருந்தார் என்று சொல்லிவிடலாம். தோற்கவே வழியில்லாமல் கட்டப்பட்ட கோட்பாட்டை நான் நம்பத் தயாரில்லை.

அதே நூலில் பார்வையற்ற இசைக்கலைஞர் மரியா தெரேசியா பாரடிஸின் கதையும் வருகிறது. தம் சிகிச்சையில் பார்வை திரும்பத் தொடங்கியது, பெற்றோர் வலுக்கட்டாயமாக அழைத்துச் சென்றதால் எல்லாம் கெட்டது என்று மெஸ்மர் எழுதுகிறார். 1784 வசந்தத்தில், மெஸ்மரின் புகழ் உச்சியில் இருந்தபோது, பாரடிஸ் பாரிசுக்கே வந்து மேடையில் பியானோ வாசித்தார். அப்போதும் அவருக்குப் பார்வை இல்லை.

நோயாளிக்கு மெஸ்மர் தந்தது என்ன? மூடிய ஓக் மரத் தொட்டி, அதற்குள் இரும்புத் தூளும் பொடித்த கண்ணாடியும் நீர் நிரப்பிய புட்டிகளும், மூடியிலிருந்து வளைந்து வெளிவரும் இரும்புக் கம்பிகள். வலிக்கும் இடத்தில் கம்பியை வைத்துக்கொண்டு நோயாளிகள் சுற்றி அமர்ந்தார்கள்; ஒரே கயிறு எல்லோரையும் இணைத்தது; இசை ஒலித்தது. சிலருக்கு இருமலும் விக்கலும் வந்தன, சிலர் வலிப்பு வந்து துடித்தார்கள். அந்தத் துடிப்புதான் குணத்துக்கு வாசல் என்பது மெஸ்மரின் கொள்கை.

ஆணையம் செய்த சோதனைகள்

1784 மார்ச்சில் பதினாறாம் லூயி மருத்துவப் புலத்திலிருந்து நால்வரை நியமித்தார். அவர்கள் கேட்டுக்கொண்டதால் அறிவியல் கழகத்திலிருந்து ஐவர் சேர்ந்தார்கள். வேதியியலாளர் லவாய்சியே, வானியலாளர் பாயி, மருத்துவர் கில்லட்டின், அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் பிராங்க்ளின் போன்றவர்கள் அந்த ஒன்பது பேரில் அடக்கம். அறிக்கையை எழுதியவர் பாயி.

எடுத்த எடுப்பிலேயே அவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள்: குணமான நோயாளிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. நோய் தானாகவும் தீரும், உணவு மாற்றத்தாலும் தீரும். ஒருவர் குணமானார் என்பதிலிருந்து எது குணப்படுத்தியது என்று சொல்ல முடியாது. குணமான நோயாளியைக் காட்டுவது மறுக்க முடியாத சான்றாகாது என்று மெஸ்மரே முன்பு எழுதியிருந்ததையும் அறிக்கை எடுத்துக்காட்டுகிறது. ஆகவே உடனடியாகத் தெரியும் உடல் விளைவுகளை மட்டும் சோதித்தார்கள். வாரம் ஒரு முறை தாங்களே தொட்டியருகில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தும் பார்த்தார்கள். ஒன்றும் நேரவில்லை.

பிறகு நடந்த சோதனைகளை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பாரிசை அடுத்த பஸ்ஸியில் பிராங்க்ளின் குடியிருந்த வீட்டுத் தோட்டத்தில் தனித்து நின்ற ஒரு சர்க்கரை பாதாமி (ஆப்ரிகாட்) மரத்துக்கு, மெஸ்மரின் சீடர் மருத்துவர் தெஸ்லோன் காந்தம் ஏற்றினார். சுமார் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனை, எளிதில் வசப்படுபவன் என்று அவரே தேர்ந்தெடுத்து அழைத்து வந்திருந்தார். சிறுவனின் கண்ணைக் கட்டி, காந்தம் ஏற்றாத நான்கு மரங்களிடம் ஒன்றன்பின் ஒன்றாக அழைத்துப்போய்க் கட்டிப்பிடிக்கச் செய்தார்கள். முதல் மரத்திலேயே வியர்த்தது, இருமினான், தலை வலிக்கிறது என்றான். ஒவ்வொரு மரத்திலும் நிலைமை முற்றியது. நான்காவது மரத்தடியில் கை கால் விறைத்து மயங்கி விழுந்தான். காந்தம் ஏற்றிய மரம் 24 அடி தள்ளி நின்றது.

எல்லா மரங்களிலும் இயல்பாகவே காந்தம் உண்டு என்று தெஸ்லோன் சமாளித்தார். அப்படியானால் காந்தத்துக்கு இளகும் உடல்கொண்ட எவரும் வலிப்பு வராமல் ஒரு தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாதே என்று அறிக்கை பதில் சொல்கிறது.

லவாய்சியே வீட்டில் நடந்த சோதனை இன்னும் நுட்பமானது. ஒரு பெண்ணுக்குப் பல பீங்கான் கிண்ணங்களில் வெறும் தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டாவது கிண்ணத்தில் உடல் பதறியது, நான்காவதில் முழு வலிப்பு வந்தது. தெளிந்து எழுந்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். தெஸ்லோன் உண்மையாகவே காந்தம் ஏற்றியிருந்த கிண்ணத்தை அப்போது நீட்டினார்கள். அமைதியாகக் குடித்துவிட்டு, இதமாக இருக்கிறது என்றார்.

கற்பனை இருந்தால் காந்தம் இல்லாமலே வலிப்பு வருகிறது, கற்பனை இல்லாவிட்டால் காந்தத்தால் ஒன்றும் நடப்பதில்லை என்று ஆணையம் முடிவு சொன்னது. தொடுதல், கற்பனை, ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தல் ஆகிய மூன்றுமே காரணம், பாய்மம் என்று ஒன்று இல்லை. சான்று என்ற கேள்வியில் மற்ற மூன்று எழுத்துகளும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. நோயாளிக்குத் தெரியாமல் சோதித்தார்கள். வெறும் பொருளையும் மருந்துப் பொருளையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எதிர்பார்ப்பையும் மருந்தையும் பிரித்துப் பார்த்தார்கள். இன்று மருந்துச் சோதனைக்கு அடிப்படையாக இருக்கும் முறை இவ்வளவு தெளிவாக அன்று ஒரு தோட்டத்தில் அரங்கேறியிருக்கிறது.

மெஸ்மர் தரப்பில் ஒரு நியாயமான புகார் உண்டு. சோதிக்கப்பட்டவர் தெஸ்லோன், அவருக்கு என் கோட்பாடு முழுதாகத் தெரியாது என்று மெஸ்மர் பிராங்க்ளினுக்கு எழுதினார். ஆனால் மரத்தடியில் விழுந்த சிறுவனுக்கு இந்த விளக்கம் பொருந்தாது. தெஸ்லோன் திறமையற்றவர் என்றே வைத்துக்கொண்டாலும், அவர் தொடாத மரம் ஏன் வேலை செய்தது?

மூன்றாவது கேள்வியில்தான் ஆணையம் எனக்குக் குறையாகத் தெரிகிறது. பொது இடத்தில் வலிப்பை வரவழைக்கும் சிகிச்சை காலப்போக்கில் கேடு விளைவிக்கும் என்று எச்சரித்தது. அது தேவையான எச்சரிக்கை. அரசரின் பார்வைக்கு மட்டுமென்று பாயி இன்னொரு இரகசிய அறிக்கையும் எழுதினார். முழங்கால் முட்ட உட்கார்ந்து ஆண் மருத்துவர்கள் பெண் நோயாளிகளைத் தொட்டு நடத்தும் சிகிச்சையில் எப்படி வரம்பு மீறப்படலாம் என்பதை அது வெளிப்படையாகச் சொல்கிறது. பெண்களின் உடலைப் பற்றி அந்தக் காலத்து அசட்டுக் கருத்துகள் அதில் உண்டு. ஆனாலும் சொல்லப்பட்ட ஆபத்து உண்மையானது. அதை இரகசியமாக வைத்ததை நான் ஏற்கவில்லை. பாதுகாக்கப்பட வேண்டிய பெண்களுக்குத்தான் அது தெரிந்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை வேறு. தெஸ்லோன் 1780இலேயே தம் நூலில் ஒரு கேள்வி எழுப்பியிருந்தார்: கற்பனையை உடல்நலத்துக்காக வேலை செய்ய வைப்பதுதான் மெஸ்மரின் ஒரே இரகசியம் என்றாலும் அதுவே அற்புதமான நன்மை அல்லவா? கற்பனை மருத்துவமே சிறந்ததென்றால் அதை ஏன் செய்யக்கூடாது? வெறும் தண்ணீர் ஒரு பெண்ணை வலிப்பில் தள்ளும், இன்னொரு வாய்த் தண்ணீர் ஆற்றும் என்று கண்ணால் கண்டவர்கள் இந்தக் கேள்விக்குள் நுழைந்திருக்க வேண்டும். கற்பனை என்று பெயர் சூட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள். மருத்துவப் புலமோ, உயிர்க்காந்தத்தைக் கைவிடுவதாக எழுதிக் கையெழுத்திடும்படி தன் மருத்துவர்களை நெருக்கியது.

ஜுஸ்யூ ஏன் கையெழுத்திடவில்லை

அரச மருத்துவச் சங்கத்தின் சார்பில் ஐவர் கொண்ட இரண்டாவது குழுவும் விசாரித்தது. அதன் பெரும்பான்மையும் ஆகஸ்டிலேயே எதிராகத் தீர்ப்பளித்தது. அந்தோன் லோரன் த ஜுஸ்யூ மட்டும் கையெழுத்திட மறுத்தார். செடிகளை வகைப்படுத்தியவர் நோயாளிகளிடம் கண்டதையும் அப்படியே வகைப்படுத்தினார்: காரணம் உறுதியாகச் சொல்ல முடியாதவை, விளைவே ஏற்படாதவை, கற்பனையால் விளைந்தவை, கற்பனையைத் தாண்டி வேறு காரணம் கேட்பவை.

கடைசி வகையில் அவர் நம்பிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஏறத்தாழப் பார்வை இழந்த ஒரு பெண்ணின் வயிற்றை நோக்கி, சில அடி தள்ளி நின்று இரும்புக் கம்பியை நீட்டினார். சற்று நேரத்தில் அந்தப் பெண் அமைதி இழந்து, யாரோ எனக்குக் காந்தம் ஏற்றுகிறார்கள் என்றார். இது போதுமான சான்றல்ல. மங்கலாகவேனும் பார்த்திருக்கலாம், காலடி கேட்டிருக்கலாம். ஆணையத்தின் கண்கட்டு இருந்திருந்தால் ஜுஸ்யூவின் நான்காவது வகையே காலியாகியிருக்கக்கூடும். அவர் முன்வைத்த விளக்கமும் நிலைக்கவில்லை: பிரபஞ்சப் பாய்மத்தை அவரும் மறுத்தார், அதற்குப் பதிலாக உடலிலிருந்து உடலுக்குப் பரவும் உயிர்வெப்பத்தைச் சொன்னார்.

இருந்தும் இந்த அறிக்கையை நான் மதிக்கிறேன். ஜுஸ்யூ சிகிச்சைக் கூடத்தில் நோயாளிகளோடு நேரம் செலவிட்டார், தானே கம்பியைப் பிடித்தார். தொடு சிகிச்சையால் பயன் பெற்றவர்கள் இருக்கும்போது அதைத் தூக்கி எறியாமல் மருத்துவர்கள் கவனித்து எழுதி வெளியிடட்டும் என்றார். ஆணையம் கற்பனையை முடிவுரையில் வைத்தது. ஜுஸ்யூவின் கையில் அது ஆராய வேண்டிய பொருள்களில் ஒன்றாக இருந்தது.

புய்செகூர்

நான்காவதைச் சுருக்கமாகச் சொல்லலாம். சுவாசோன் அருகே புசான்ஸியில் நிலம் வைத்திருந்த பீரங்கிப் படை அதிகாரி புய்செகூர் பிரபு, 1784 மே மாதம் விக்தோர் ராஸ் என்ற இளம் விவசாயிக்குக் காந்தம் ஏற்றினார். வலிப்பு வரவில்லை. அந்த இளைஞன் நிம்மதியாக உறங்கி, உறக்கத்திலேயே பேசினான். துடித்தால்தான் குணம் என்ற மெஸ்மரின் கொள்கை அன்றே பொய்த்தது. ஊர் நடுவே இருந்த எல்ம் மரத்தில் கயிறு கட்டிக் கிராமத்தாருக்குப் பிரபு இலவசமாகச் சிகிச்சை அளித்தார். பாய்மத்தைவிட மருத்துவம் செய்பவரின் நம்பிக்கையும் மன விருப்பமுமே முக்கியம் என்று எழுதினார். நான்கு பேரில் நோயாளியிடம் மிகுந்த பரிவு காட்டியவர் இவர்தான். சான்று விஷயத்தில் மெஸ்மரைவிடவும் தளர்ந்தவர். உறங்குபவர்கள் தங்கள் நோயையும் பிறர் நோயையும் கண்டறிந்து மருந்து சொல்வதாக நம்பினார், அதைச் சோதிக்கவில்லை. பின்னாளில் ஹிப்னாடிசம் என்று வளர்ந்தது இவர் கண்ட உறக்கத்திலிருந்துதான்.

யாரை முதலில் படிப்பது என்று கேட்டால் ஆணைய அறிக்கையையே சொல்வேன். கையோடு ஜுஸ்யூவையும் படிக்கச் சொல்வேன். முன்னதன் சோதனை முறையும் பின்னவர் நோயாளிமீது வைத்த கவனமும் ஒரே மருத்துவரிடம் சேர்ந்ததை 1799இல்தான் பார்க்க முடிகிறது. அமெரிக்காவிலிருந்து வந்த பெர்க்கின்ஸின் உலோகக் கோல்கள் வலி தீர்ப்பதாக இங்கிலாந்தில் அப்போது சக்கைப்போடு போட்டன. ஜான் ஹேகார்த் பாத் நகரில் மரத்தால் போலிக் கோல்கள் செய்து, உலோகத்தைப்போல் வண்ணம் பூசி, ஐந்து நோயாளிகளுக்குத் தடவச் செய்தார். நால்வர் வலி குறைந்தது என்றார்கள். மறு ஆண்டு அவர் வெளியிட்ட சிறு நூல், கற்பனை உடல் நோய்களுக்குக் காரணமாவதைப் போலவே மருந்தாவதையும் பேசியது. தெஸ்லோன் கேட்ட கேள்விக்கு இருபது ஆண்டுகள் கழித்தாவது ஒரு மருத்துவர் முகம் கொடுத்தார்.