இணையத்தில் இன்சுலின் வாங்காதீர்கள்: 140 வெள்ளியும் போய், அம்மாவும் மருத்துவமனையில் படுத்த கதை

அம்மா நேற்று மாலைதான் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். இன்று காலை, இன்சுலின் விற்ற அந்த ஆள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். இனிப் பொறுக்க முடியாது, எழுதிவிடுகிறேன். போன காசு 140 வெள்ளி.

அம்மா, என் தங்கையின் பிரசவத்துக்காகத் தஞ்சாவூரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவர். ஒரு மாதத்தில் திரும்புவதாக இருந்தவர், குழந்தைக்கு மஞ்சள் காமாலை, அது இது என்று விசிட் பாஸை (தங்கும் அனுமதி) நீட்டித்துக்கொண்டே இருந்துவிட்டார். இரவில் ஒரு நீண்டநேர இன்சுலின், மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் எட்டு யூனிட் அஸ்பார்ட், அதாவது வேகமாக வேலை செய்யும் இன்சுலின். ஊரிலிருந்து கொண்டுவந்த அஸ்பார்ட் பேனாவில் (மருந்து நிரப்பிய ஊசிப் பேனா) கடைசியும் தீரப் போனது. அம்மாவுக்கு இங்கே மானியம் கிடையாது, டாக்டரிடம் போனால் முழுக் கட்டணம். "ஒரு ஊசிக்குப் போய் இவ்வளவு அழுவியா, வேற எங்கயாச்சும் பாரு" என்றார் அம்மா. நானும் பார்த்தேன்.

பழைய சாமான் வாங்கி விற்கும் ஒரு செயலியில் "ஐந்து பேனா, பிரிக்காத பெட்டி" என்று போட்டிருந்தது. நான் ஆங்கிலத்தில் கேட்க, அவன் தமிழில் பதில் போட்டான். "அக்கா தமிழா? எங்க அப்பாவோடதுக்கா. போன மாசம் தவறிட்டாங்க. தூக்கிப் போட மனசு வரல."

எங்கள் அப்பா போனபோது அவருடைய மாத்திரை டப்பாவை ஆறு மாதம் அலமாரியில் வைத்திருந்தவள் நான். அதற்கு மேல் அவனிடம் எதையும் கேட்கத் தோன்றவில்லை. பிரிட்ஜ் கதவில் பெட்டி நிற்கிற படம் அனுப்பினான், பக்கத்தில் சோயா சாஸ் பாட்டில். "ஐஸ் பேக் வெச்சு அனுப்புறேன்கா, செயலில போட்டா கமிஷன் பிடிப்பாங்க, பேநவ்ல போடுங்க." பேநவ் என்றால் கைபேசி எண்ணுக்கே வங்கியிலிருந்து நேராகப் பணம் அனுப்புவது. போட்டேன். 140 வெள்ளி. மருந்துச் சீட்டு வேண்டும் என்று ஒரு வார்த்தை அவன் கேட்கவில்லை. அதுவே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை நாங்கள் குழந்தையோடு வெளியே போயிருந்தோம். திரும்பியபோது உறை இரும்புக் கேட்டில் தொங்குகிறது, மேல் வெயில். ஐஸும் இல்லை, ஈரமும் இல்லை. தொட்டால் சுடுகிறது. கேட்டதற்கு, "ரூம் டெம்பரேச்சர்லயே ஒரு மாசம் தாங்கும்கா" என்றான். பயன்படுத்தத் தொடங்கிய பேனா 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் தாங்கும் என்பது உண்மைதான். கேட்டில் அடித்த வெயில் 30 டிகிரியா? பிரிக்காத பேனா 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதை அவன் சொல்லவே இல்லை.

அன்றிரவு சாப்பாட்டுக்கு முன் அம்மா போட்டுக்கொண்டார். இந்த வகை இன்சுலின் பத்து இருபது நிமிடத்தில் வேலையைத் தொடங்கிவிடும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் உச்சம். இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் சர்க்கரை 312. ஞாயிறு மதியம் 386. கேக்கவில்லையே என்று அம்மா தானாக இன்னொரு நான்கு யூனிட் ஏற்றியிருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை. ராத்திரி சந்தேகப்பட்டுப் பேனாவை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டிய மருந்து அரிசி கழுவிய நீராகக் கிடந்தது. உள்சுவரில் பொடிப்பொடியாகச் செதில் ஒட்டியிருந்தது.

திங்கள் காலை வாந்தி, 421. அவசரப் பிரிவுக்கு ஓடினோம். டாக்டர் "இருபத்து மூன்று" என்றதும் குறைந்துவிட்டதோ என்று ஒரு நொடி நிம்மதியானேன். இங்கே அளக்கும் அலகு வேறு, 421-ஐத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று அப்புறம்தான் புரிந்தது.

மிச்சப் பேனாக்களை அங்கிருந்த மருந்தாளரிடம் காட்டினேன். பெட்டியில் ஒரு தொகுதி எண், பேனாக்களில் வேறு எண். ஒரு பேனாவில் 300 யூனிட்டுக்குப் பதில் 220 சொச்சம்தான் இருந்தது. யாரோ குத்திக்கொண்ட பேனா! ஊசி முனையை மாற்றினாலும் அடுத்தவர் ரத்தம் உள்ளே போயிருக்கலாம், பேனாவை யாரோடும் பகிரவே கூடாது என்றார். அம்மா போட்டது அது இல்லை. ஆனால் அடுத்த வாரம் அதைத்தான் எடுத்திருப்பார். நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

அவனைக் கேட்டேன். முதலில் "கூரியரக் கேளுங்க." அப்புறம் "கலங்கியிருந்தா உருட்டிப் போடணும்கா, இதுகூடத் தெரியாதா?" உருட்டிப் போடுவது பால் மாதிரி வெள்ளையாகவே இருக்கிற வேறு இன்சுலின். அஸ்பார்ட் கலங்கினால் குப்பைக்குத்தான். கடைசியாக, "உங்கம்மா சோறு ஜாஸ்தி சாப்ட்ருப்பாங்க." 140 வெள்ளியைத் திருப்பிக் கொடு என்றதும் பிளாக். செயலிக்காரர்களோ, பணம் செயலிக்கு வெளியே போனதால் தங்களால் ஒன்றும் செய்ய முடியாதாம். இதைச் சொல்ல மூன்று நாள், ஒரே வாக்கியத்தை மூன்று முறை ஒட்டி அனுப்பினார்கள். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்றால் அவன் முகவரி வேண்டும். என்னிடம் இருப்பது பேநவ்வில் தெரிந்த பெயர் மட்டும்.

விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. இன்சுலினை மருந்தகத்தில் அல்லது டாக்டரிடம் மட்டும் வாங்குங்கள். போடும் முன் வெளிச்சத்தில் பாருங்கள். கேக்கவில்லை என்று மேலே மேலே ஏற்றாதீர்கள், மருந்து மூன்று முதல் ஐந்து மணி நேரம் உடம்பில் நிற்கும், சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் கூடுதலாக ஒரு பெட்டியும் டாக்டர் கடிதமும் கொண்டுவரச் சொல்லுங்கள். மோசடியா என்று சந்தேகம் வந்தால் காசு போடும் முன் 1799 என்ற மோசடி உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

பேனாக்களை ஜிப் பையில் போட்டு வைத்திருக்கிறேன். நாளை போலீஸ் புகார், அப்புறம் மருந்துகளைக் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையம். இப்போது அம்மா மீட்டரைக் கேட்கிறார், போகிறேன்.