அரை விரல் வெளிச்சம்: நானே மாட்டிய ஸீப்ரா பிளைண்ட்ஸோடு மூன்றரை வருஷம்

மாடி வீட்டுப் பெண் போன வாரம் படியில் நிறுத்திக் கேட்டாள். "அக்கா, உங்க ஹால் பிளைண்ட்ஸ் நீங்களே மாட்டினதாமே? எங்களுக்கும் அதே ஜன்னல்தான். ஆள் வெச்சு மாட்டணுமா, நாங்களே பண்ணிடலாமா?"

கையில் பால் பாக்கெட்டோடு நின்று பதில் சொல்கிற கேள்வியா இது! "அப்புறம் சொல்றேன்" என்று வந்துவிட்டேன். அதற்கு முந்தின நாள்தான் அந்தத் திரையைக் கழற்றி, சங்கிலி ஓடும் கிளட்சை மாற்றி, மறுபடி மாட்டியிருந்தேன். கழுத்து வலியும் கோபமும் இன்னும் இறங்கவில்லை. அன்றைக்கே பதில் சொல்லியிருந்தால் அந்தப் பெண் ஜன்னலுக்குப் பழைய புடவையைக் கட்டிக்கொள்வதே மேல் என்று முடிவு செய்திருப்பாள். இப்போது கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு சென்னை கொட்டிவாக்கத்தில், இரண்டாம் மாடி. ஹாலில் ஐந்தடிக்கு நாலடி ஜன்னல், நேராக மேற்கு பார்த்தது. மதியம் இரண்டு மணிக்கு உள்ளே வரும் வெயில், அஸ்தமனம்வரை சோபாவில் உட்கார்ந்திருக்கும். 2022 ஏப்ரலில் தாங்க முடியாமல் ஸீப்ரா பிளைண்ட்ஸ் வாங்கினேன். அது என்னவென்று எல்லோருக்கும் தெரியும்: அடர்த்தியான பட்டை ஒன்று, வலைப் பட்டை ஒன்று என்று மாறி மாறி வரும் துணி, இரண்டு அடுக்காகத் தொங்கும். சங்கிலியை இழுத்தால் ஓர் அடுக்கு நகரும். வலையும் வலையும் நேராக வந்தால் வெளிச்சம், வலைக்கு நேராக அடர்த்திப் பட்டை வந்தால் இருட்டு. சுவரின் மேல் மாட்டுவதாக இருந்ததால் பக்கத்துக்கு மூன்று இன்ச்சும் உயரத்தில் எட்டு இன்ச்சும் கூட்டி, ஐந்தரை அடிக்கு நாலடி எட்டு இன்ச் என்று அளவு கொடுத்தேன். சதுர அடி 110 ரூபாய் கணக்கில் 2,800 சொச்சம் ஆனது. மாட்டித் தர 500 கேட்டார்கள். அதுவும் மூன்று ஜன்னலாவது இருந்தால்தான் இந்தப் பக்கம் ஆள் வருவானாம்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த 500 ரூபாயை மிச்சம் பிடிக்க 2,400 ரூபாய்க்கு ஹேமர் டிரில், கான்கிரீட் பிட், பிளக், ஸ்க்ரூ எல்லாம் வாங்கினேன். இந்தக் கணக்கை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மாட்டும் வேலை பெரிய வேலை இல்லை. மூன்று பிராக்கெட், ஆறு ஓட்டை. பெட்டி போன்ற அலுமினியப் பட்டையைப் பிராக்கெட்டில் வைத்து அழுத்தினால் 'டக்' என்று உட்கார்ந்துவிடும். விளம்பரங்களில் இந்த 'டக்'கைத்தான் காட்டுகிறார்கள். அதற்கு முன்னால் இருக்கும் ஆறு ஓட்டையைக் காட்டுவதில்லை.

நம்மூர் ஜன்னலுக்கு மேலே இருப்பது வெறும் செங்கல் சுவர் இல்லை, லிண்டல். மேலே அரை இன்ச் பூச்சு, அதற்குள் கான்கிரீட், அதற்குள் கம்பி. சாதாரண டிரில் பூச்சைத் தாண்டியதும் கீச் கீச்சென்று கத்திக்கொண்டு அங்கேயே சுற்றும். ஹேமர் இருந்தால் கான்கிரீட்டுக்குள் போய்விடும். ஆனால் கம்பியில் பட்டால் அதுவும் நின்றுவிடும். எனக்கு இடது பிராக்கெட், நடு பிராக்கெட் இரண்டும் சரியாக வந்தன. வலது பக்கத்தில் குறி போட்ட இடத்திலேயே கம்பி. சரி என்று கொஞ்சம் மேலே தள்ளி ஓட்டை போட்டேன். பிராக்கெட்டில் ஸ்க்ரூ மேலும் கீழும் நகர நீளமான துளை இருக்கிறது, அதில் சரிக்கட்டலாம் என்று நம்பிக்கை. சரிக்கட்டினேன். துளை முடிந்த இடத்தில் இன்னும் நாலு மில்லிமீட்டர் பாக்கி இருந்தது.

ஐந்தரை அடி நீளத்தில் நாலு மில்லிமீட்டர். யார் பார்க்கப்போகிறார்கள்?

வெயில் பார்க்கும்.

இந்த நாலு மில்லிமீட்டரைப் பற்றித்தான் மூன்றரை வருஷமாக எனக்குப் புலம்பல். சாதாரண ரோலர் திரையாக இருந்தால் இந்தக் கோணல் தெரிந்தே இருக்காது. ஸீப்ராவில் அடர்த்திப் பட்டை மூன்று இன்ச், வலைப் பட்டை இரண்டு இன்ச். மூடினால் வலையை மறைத்தது போக மேலே அரை இன்ச், கீழே அரை இன்ச்தான் மிச்சம். அதற்குள் எல்லாம் நேராக இருந்தாக வேண்டும். என் திரையின் உருளை இடது பக்கம் தாழ்ந்திருப்பதால், துணி சுற்றச் சுற்ற இடது பக்கமாகவே ஒதுங்குகிறது. ஒதுங்கிய துணி ஒரு பக்கம் கனமாகச் சேர்கிறது, அந்தப் பக்கத்துப் பட்டைகள் மற்ற பக்கத்தோடு ஒத்துப்போவதில்லை. வலது கோடியில் கும்மிருட்டாக மூடியிருக்கும்போது, இடது கோடியில் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு கீற்று திறந்திருக்கும். வலப்பக்கம் ஊசிமுனையாகத் தொடங்கி இடப்பக்கம் அரை விரல் அகலத்துக்கு விரியும் கீற்று. முழுக்க இறக்கிவிட்டால் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஜன்னல் திட்டில் மணி பிளான்ட் தொட்டிகள் இருப்பதால் முழுக்க இறக்குவதே இல்லை. மாலை ஐந்து மணிக்கு அந்தக் கீற்றுகளில் ஒன்று சரியாக டிவி திரையின் நடுவில் விழும். இன்னொன்று அம்மாவின் கண்ணில்.

"அதான் ரசமட்டம் வெச்சுப் பார்க்கணும்" என்று பிறகு வந்த கார்ப்பெண்டர் அண்ணன் சொன்னார். வைத்துத்தான் பார்த்தேன். முதலில் மொபைலில் இருக்கும் மட்டத்தை நம்பினேன். கேமரா புடைத்துக்கொண்டிருக்கும் போனை அலுமினியப் பட்டைமேல் வைத்தால் அது எதைச் சொல்லும்? கடைசியில் கூரையிலிருந்து பத்து இன்ச் என்று இரண்டு பக்கமும் அளந்து குறி போட்டேன். கூரையே ஒரு பக்கம் சரிந்திருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. நம் அபார்ட்மென்டுகளில் கூரை, லிண்டல், ஜன்னல் சட்டம் மூன்றும் மூன்று விதமான மட்டத்தில் இருக்கின்றன. எதை வைத்து அளந்தாலும் மற்ற இரண்டும் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். அளக்க வேண்டியது கூரையை இல்லை, ரசமட்டத்தின் குமிழியை. நூல் பிடித்துக் கோடு போட்டுவிட்டு அதன் மேல்தான் மூன்று பிராக்கெட்டையும் வைக்க வேண்டும்.

சரி, நாலு மில்லிமீட்டர்தானே, ஓட்டையைக் கொஞ்சம் கீழே மாற்றிவிடலாமே என்பீர்கள். அங்கேதான் கொடுமை. இரண்டு இன்ச் தப்பாகப் போட்டிருந்தால் மாற்றலாம். நாலு மில்லிமீட்டர் தள்ளிப் புது ஓட்டை போட்டால் பிட் வழுக்கிப் பழைய ஓட்டைக்குள்ளேயே போய்விடும். இரண்டும் ஒரே பொந்தாகி, பிளக் லொடலொடவென்று ஆடும். அதுவும் கீழே கம்பி காத்திருக்கிறது.

இரண்டு வருஷம் இந்தக் கீற்றோடு சண்டை போட்ட பிறகுதான் டேப் வைத்தியம் தெரிந்தது. துணி எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தில், உருளைமேல் இரண்டு சுற்று டேப் ஒட்ட வேண்டும். திரையை முழுக்க இறக்கி, உருளை வெளியே தெரியும்போது வலது கோடியில் ஒட்டினேன். டேப் ஒட்டிய பக்கம் உருளை ஒரு மயிரிழை தடிமனாகிறது, அதனால் துணி மெல்ல அந்தப் பக்கம் இழுக்கப்படுகிறது. பத்து ரூபாய் இன்சுலேஷன் டேப். கீற்று பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இதை வாங்கும்போதே யாராவது சொல்லியிருக்கலாம். பெட்டிக்குள் வந்த காகிதத்தில் ஆறு மொழியில் நன்றி சொல்லியிருந்தார்கள், டேப்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். துணி நன்றாகத்தான் இருக்கிறது, நிறம் மங்கவில்லை. தூசியைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டினால் போதும், தோய்க்க முடியாது. சமையலறைப் பக்கம் இதை வாங்கவே வாங்காதீர்கள். முதலில் வந்த இரும்புச் சங்கிலி கடற்காற்றில் ஒரே வருஷத்தில் துருப்பிடித்து, பிடித்த கையெல்லாம் பழுப்பானது. பிளாஸ்டிக் சங்கிலிக்கு மாறினேன். ஜூன், ஜூலையில் கடற்காற்று வரும்வரை அடிக்கிற மேற்குக் காற்றில் ஜன்னலைத் திறந்தால், அடியில் இருக்கும் கனமான கம்பி கிரில்லில் மோதிக்கொண்டே இருக்கும். பகலில் தூங்குகிற வீட்டில் தாங்காது. கிளட்ச் மூன்று வருஷம் உழைத்தது. அப்புறம் திரை ராத்திரியில் தானாகவே சர்ரென்று இறங்க ஆரம்பித்தது. முதல் தடவை திருடன் என்று நினைத்தோம். புது கிளட்ச் 180 ரூபாய். பெட்டியைப் பிராக்கெட்டிலிருந்து கழற்றத் திருப்புளியால் நெம்ப வேண்டும், தலைக்கு மேலே கையைத் தூக்கியபடி. கழுத்து வலி அதில் வந்ததுதான்.

வெப்பம் குறைந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கண் கூச்சம் போனது. வெப்பம் கொஞ்சம்தான். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத்தானே இந்தத் திரை பிடிக்கிறது? பிடித்த சூடு ஹாலுக்குள்தான் இருக்கும். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்தினால்தான் வீடு குளிரும். இதை அம்மா முதல் நாளே சொன்னார். "கும்பகோணத்துல திண்ணைக்கு வெளியிலதானே மூங்கில் தட்டி கட்டினோம், உள்ளேயா கட்டினோம்? வெயில் காலத்துல வெட்டிவேர்த் தட்டியில தண்ணி தெளிச்சா எப்படி இருக்கும்! நீ என்னமோ துணிக்கு மூவாயிரம் கொடுத்திருக்க." இந்த ஒரு விஷயத்தில் அம்மா பேசியது அத்தனையும் சரி. ஆனால் இரண்டாம் மாடி ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்ட அசோசியேஷன் விடாது.

இதே அம்மாதான் இப்போது அந்தத் திரையை யாரும் தொட விடுவதில்லை. காரணம், நான் திட்டிக்கொண்டிருக்கும் அதே வெளிச்சம். பட்டைகளைப் பாதி திறந்து வைத்தால், நாலு மணிக்குத் தரையில் வரிசையாக வெளிச்சக் கோடுகள் விழும். அவை மெல்ல நகர்ந்து ஊஞ்சல் சங்கிலியைத் தொடும்போது காபிக்கு டிகாக்ஷன் போட வேண்டும், அது அம்மாவின் கணக்கு. ஹாலில் கடிகாரம் நன்றாகவே ஓடுகிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. ஒருநாள், "ஆடியில தெக்குச் சுவர்ப் பக்கம் போன கோடு, மார்கழியில வடக்கே பீரோ பக்கம் போயிடுது பாரேன்" என்றார். சூரியன் ஆனி, ஆடியில் வடமேற்கே சாய்ந்தும் மார்கழியில் தென்மேற்கே சாய்ந்தும் மறைவதைப் பள்ளியில் படித்திருக்கிறேன். சொந்த வீட்டுத் தரையில் நான் பார்க்கவே இல்லை. கோணல் கீற்று ஒன்று மட்டும் மற்றக் கோடுகளோடு சேராமல் சரிந்து விழுகிறது. அம்மாவுக்கு அது முள் மாதிரி, மற்றதெல்லாம் எண்கள் மாதிரி.

மாடி வீட்டுப் பெண்ணுக்கு என் பதில்: ஆளை வைத்து மாட்டு. 500 ரூபாய் கேட்டால் கொடு, பக்கத்து வீடுகளையும் சேர்த்து மூன்று ஜன்னல் கணக்குக் காட்டு. முக்கியமாக, உன் வீட்டில் இரண்டு வயதுப் பையன் இருக்கிறான். சங்கிலி வளையமாகத் தொங்குகிறது, குழந்தையின் கழுத்து அதில் மாட்டினால் விளையாட்டில்லை. அமெரிக்காவில் கடையில் தயாராக விற்கும் பிளைண்ட்ஸில் எட்டும்படி கயிறு தொங்கக் கூடாது என்று 2018 கடைசியிலேயே அந்தத் தொழில்துறையின் தர விதி வந்துவிட்டது. இங்கே பெட்டிக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் பிடி வரும், சங்கிலியை இழுத்துச் சுவரோடு சேர்த்து வைப்பதற்கு. நான் அதை டிராயரில் போட்டு வைத்திருந்தேன். நீ அதை முதல் நாளே உயரத்தில் மாட்டு, அல்லது சங்கிலியே இல்லாத வகையாகக் கேட்டு வாங்கு. கட்டிலை அந்த ஜன்னல் பக்கம் போடாதே.

நாங்களே மாட்டித்தான் தீருவோம் என்று உன் வீட்டுக்காரர் நின்றால், லிண்டலில் நேரடியாகப் பிராக்கெட்டை வைக்க வேண்டாம் என்று சொல். ஓர் இன்ச் தடிமனில் ரீப்பர் கட்டை ஒன்றை முதலில் சுவரில் அடித்துவிடச் சொல். அதன் ஓட்டைகளைக் கம்பி இல்லாத இடமாகப் பார்த்து எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பிறகு பிராக்கெட்டை ரசமட்டம் பார்த்துக் கட்டையில் முடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் கூடப் பிசகாது, பிசகினாலும் மரத்தில் நகர்த்துவது சுலபம்.

இவ்வளவு தெரிந்திருந்தும் நான் என்ன செய்திருக்கிறேன் என்றால், படுக்கையறைக்கும் அதே ஸீப்ராவை ஆர்டர் செய்திருக்கிறேன். முந்தாநாள் வந்தது. நீளமான அட்டைக் குழாயில் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. மாட்டும் கூலி இப்போது 700 ஆகிவிட்டதாம், கொடுக்க மனசில்லை. ரீப்பர் கட்டை வாங்கி வைத்திருக்கிறேன். டிரில் மட்டும் சனிக்கிழமை மாடி வீட்டுக்குப் போகிறது, அவர்களே மாட்டப்போகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தால் என் வேலை.

அம்மா குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதையும் கோணலாத்தானே மாட்டப்போற? அந்த ரூம்லயும் மணி பார்க்கணும்."