டான்சிலை எடுத்தால் கிட்னி பிழைக்குமா? தொண்டை, குடல், மாத்திரை: ஓர் ஒப்பீடு

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரையாலோ ரத்தக்கொதிப்பாலோ கெட்டுப்போன கிட்னிக்கும் டான்சிலுக்கும் சம்பந்தமில்லை. டான்சிலை எடுத்தால் கிட்னி பிழைக்கும் என்ற பேச்சு எழுவது ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற ஒரு கிட்னி நோயில்தான். 1968இல் பாரிஸில் ழான் பெர்ஜே, நிக்கோல் எங்லே என்ற இருவர் அடையாளம் கண்டது. சளி, தொண்டைவலி வந்த ஓரிரு நாளிலேயே சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் போகும். தொண்டைப்புண் ஆறி ஓரிரு வாரம் கழித்து அப்படிப் போனால் அது பெரும்பாலும் வேறு நோய். இந்தக் கால இடைவெளியை டாக்டரிடம் சரியாகச் சொல்வதே பாதி உதவி.

அடிப்படைக் கோளாறு இதுதான்: உடல் தயாரிக்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதத்தில் ஒரு பகுதி, சர்க்கரை மூலக்கூறு ஒன்று குறைந்த அரைகுறைச் சரக்காக வெளிவருகிறது. அதைப் பிடிக்க வேறு எதிர்ப்புப் புரதம் வர, இரண்டும் கட்டியாகச் சேர்ந்து கிட்னியின் வடிகட்டியில் படிகிறது. சரி, அந்த அரைகுறைச் சரக்கு எங்கே தயாராகிறது? தொண்டை என்கிறது ஒரு கட்சி. குடல் என்கிறது இன்னொன்று. எங்கே தயாரானால் என்ன, கிட்னியைக் காப்பாற்று என்கிறது மூன்றாவது.

தொண்டைக் கட்சியின் தலைநகரம் ஜப்பான். செண்டாயில் ஒசாமு ஹொட்டா என்ற மருத்துவர் 1980களின் கடைசியில் டான்சிலை எடுத்து, கூடவே ஸ்டீராய்டை ஊசியாக நரம்பில் ஏற்றும் முறையைத் தொடங்கினார். 2001இல் அவர் வெளியிட்ட 329 பேரின் கணக்கில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சிறுநீரில் ரத்தமும் புரதமும் மறைந்திருந்தன. ஜப்பானில் இது பரவலாகிவிட்டது. 2019இல் வந்த இன்னொரு ஜப்பானிய ஆய்வு, 1,065 நோயாளிகளிலிருந்து ஒரே மாதிரியான 153 ஜோடிகளைப் பொறுக்கி ஒப்பிட்டது. டான்சில் எடுத்தவர்களுக்குக் கிட்னி மோசமாகும் ஆபத்து மூன்றில் ஒரு பங்காகத் தெரிந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இவை யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பார்த்த சோதனைகள் இல்லை. குலுக்கிப் பார்த்ததும் ஜப்பானில்தான், 80 பேரை வைத்து, முடிவு 2014இல் வந்தது. ஒரு பக்கம் டான்சில் அறுவையும் ஸ்டீராய்டும், மறுபக்கம் ஸ்டீராய்டு மட்டும். ஓராண்டில் சிறுநீரில் புரதம் ஒழுகுவது அறுவை செய்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது. நோய் முழுவதும் அடங்கியதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஐரோப்பாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை அலசியபோது பலனே தெரியவில்லை. ஆனால் அங்கே டான்சில் எடுத்தவர்கள் சில பத்துப் பேர்தான், அவர்களிலும் பெரும்பாலோர் கிட்னி நோய் தெரியும் முன்பே எடுத்தவர்கள். அதை வைத்து ஜப்பான் முறை தோற்றது என்று சொல்வது அவசரம். சர்வதேச வழிகாட்டியான கேடிகோ 2021இல் வெள்ளையருக்கு இதைச் செய்ய வேண்டாம் என்றது. ஜப்பான் வழிகாட்டி செய்யலாம் என்கிறது.

எனக்கு இதில் இனத்தைவிட நேரம்தான் முக்கியமாகப் படுகிறது. ஜப்பானில் 1974 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சிறுநீர்ச் சோதனை. உடம்பு நன்றாக இருக்கும்போதே கோளாறு சிக்கிவிடுகிறது. கிட்னி கெடக் கெட ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியேட்டினின் 2ஐத் தாண்டியபின் அதே அறுவை அதே ஸ்டீராய்டோடு செய்தும் பலன் தெரியவில்லை என்று ஜப்பானியரே எழுதியிருக்கிறார்கள். வடிகட்டி தழும்பாகிப்போன பிறகு தொண்டையில் எதை எடுத்து என்ன?

குடல் கட்சிக்கு வருவோம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பேயர் திட்டுகள் என்று டான்சிலின் பங்காளி மாதிரி ஒரு திசு உண்டு. அங்கே போய்க் கரையும்படி செய்த புடசொனைடு கேப்ஸ்யூல்தான் நெஃபிகான். 364 பேருக்கான சோதனை 2023இல் வெளியானது. 9 மாதம் மருந்து, அப்புறம் 15 மாதம் சும்மா கண்காணிப்பு. மருந்து எடுத்தவர்களின் கிட்னி வடிகட்டும் வேகம், எடுக்காதவர்களைவிட நிமிடத்துக்குச் சராசரியாக 5 மில்லி மேலே நின்றது. மயக்க ஊசி வேண்டாம், கத்தி வேண்டாம். ஆனால் இதுவும் ஸ்டீராய்டு இனம்தான், விலையும் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத விலை.

சாதாரண ஸ்டீராய்டு மலிவு, ஆனால் கைவைக்க யோசிக்க வேண்டியது. டெஸ்டிங் என்ற சோதனையில் இந்தியாவும் பங்கேற்றது. முதலில் கொடுத்த அளவில் கடுமையான தொற்றுகள் வந்ததால் நிறுத்திவிட்டு, அளவைக் குறைத்து, நுரையீரல் தொற்றுத் தடுப்பு மாத்திரையும் சேர்த்துத் தொடர்ந்தார்கள். குறைந்த அளவிலும் பலன் இருந்தது.

மூன்றாம் கட்சிக்கு வீர வசனம் எதுவும் கிடையாது. டெல்மிசார்ட்டன், ரமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை, உப்பைக் குறைப்பது, கூடவே சர்க்கரைக்கு என்று வந்த டாபாகிளிஃப்ளோசின். ஒரு பெரிய சோதனைக்குள் இருந்த 270 ஐஜிஏ நோயாளிகளில், டாபா எடுத்த பக்கம் கிட்னி மோசமானவர்கள் 6 பேர், மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்த பக்கம் 20 பேர். சிறிய கணக்குதான். ஆனாலும் காப்புரிமை முடிந்து மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும் ஒன்று இவ்வளவு செய்கிறது என்றால், என் வரிசையில் அதற்குத்தான் முதலிடம்.

அப்படியானால் அறுவை யாருக்கு? அடிக்கடி தொண்டை பழுத்து, ஒவ்வொரு முறையும் சிறுநீர் நிறம் மாறி, கிரியேட்டினின் இன்னும் இயல்பாக இருக்கும் இளவயதுக்காரருக்கு. அவருக்குத் தொண்டைக்காகவே அதை எடுக்கலாம், கிட்னிக்குப் பலன் கிடைத்தால் லாபம். நம் ஊரில் பலர் கிட்னியில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிக்கு வருவதே தாமதமாகத்தான். வேலூர் சி.எம்.சி. பின்தொடர்ந்த நோயாளிகளிடம் நோய் வேகமாக முன்னேறுவதும் தெரிந்தது. அவர்களுக்கு டான்சில் பேச்சை எடுப்பது நேரத்தை வீணடிப்பது.

எடுப்பதென்று முடிவானால் மூன்று விஷயம். நாம் ‘உள்நாக்கு’ என்று சொல்வது நடுவில் தொங்குவது. டான்சில் இரு பக்கமும் இருப்பது. அறுவைக்குப் பின் அந்த இடம் வெள்ளைப் படலமாகத் தெரியும், சீழ் என்று பயப்பட வேண்டாம். 5 முதல் 10 நாளுக்குள் படலம் உரியும்போதுதான் ரத்தம் வரும் அபாயம். வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இன்னொன்று, வீட்டுக்கு அனுப்பும்போது வலிக்கு டைக்ளோஃபினாக்கோ ஐபுப்ரோஃபெனோ எழுதிக் கொடுப்பது வழக்கம். கிட்னி நோயாளிக்கு அது கூடாது. காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் அறுவைக்கு முன்பே சொல்லி, பாரசிட்டமாலாக மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.