4,600 ரூபாய் போச்சு: சிபியு கூலர் வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

நேற்று ராத்திரிதான் உண்மை முழுசாகத் தெரிந்தது. இன்னும் கோபம் ஆறவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் பிராசசரின் சூட்டைத் தணிக்கிற சிபியு கூலர் ஒன்றுக்கு 4,600 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன்.

எனக்குக் குளச்சல் பக்கம். கல்யாண வீடியோ எடிட்டிங் வேலை, பெரும்பாலும் ராத்திரிதான். சிஸ்டத்தில் இருப்பது இன்டெல் ஐ7 12700 பிராசசர். அதோடு வந்த சின்ன ஃபேன் சும்மா இருக்கும்போது பரவாயில்லை, ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலை) போட்டுவிட்டால் மிக்ஸி மாதிரி இரையும். 65 வாட் பிராசசர் என்றுதான் சொல்வார்கள், ஆனால் முழு வேகத்தில் 180 வாட் வரை இழுக்கும். வீட்டில் அறை இரண்டுதான், நான் வேலை செய்யும் அறையில்தான் அப்பா படுப்பார். அவர் தூக்கம் கெடக் கூடாது என்றுதான் உயரமான தகடு அடுக்கில் 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த டவர் கூலர் வாங்க நினைத்தேன். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதிய காற்று வரும், சத்தமும் குறையும்.

நாகர்கோவிலில், பஸ் இரைச்சல் ஓயாத ரோட்டில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கடை. பேர் சொல்லவில்லை. கடைக்காரர் ஊர் எது என்று கேட்டார், சொன்னதும் முகம் மலர்ந்து, "அடடே, நம்ம பக்கத்துக்காரனா? நம்ம வீட்டுப் பிள்ளைக்கு நான் மோசம் செய்வனா மக்களே" என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்தார். அங்கேதான் விழுந்தேன். அப்பாவைப் பற்றியெல்லாம் சொன்னேன், அவரும் உச்சுக்கொட்டிக் கேட்டார். "பில் போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும், உனக்கு எதுக்கு அந்தச் செலவு" என்றபோது என் பணத்தை மிச்சம் பிடித்துத் தருகிறார் என்றே நம்பினேன். நான் கொண்டுபோயிருந்த கம்ப்யூட்டர் கேபினெட்டில் அவரே மாட்டி, ஓட்டியும் காட்டினார். "சத்தம் கேக்குதா பாரு?" கேட்கவில்லைதான். வெளியே பஸ் ஹாரன், தலைக்கு மேல் சீலிங் ஃபேன், எப்படிக் கேட்கும்? 4,600 ரூபாயை அங்கேயே போனில் அனுப்பினேன்.

வீட்டில் வந்து போட்டால் ஆன் செய்த நொடியிலிருந்து ஒரே இரைச்சல். ரெண்டர் போட்டால் ஒரு நிமிஷத்துக்குள் 100 டிகிரி, பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பழைய ஃபேனே தேவலை.

போன் செய்தேன். "புது ஃபேனாக்கும், ஒரு வாரம் ஓடட்டும்." ஒரு வாரம் கழித்து, "கடற்காத்து, வெயிலு, அதனாலதான்." அப்புறம் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். அண்ணாச்சி வெளியே போயிருக்கிறார் என்றான் கடைப் பையன். இரண்டாம் முறையும் அதே பதில். மூன்றாம் முறை ஆளைப் பார்த்தேன். டீயும் இல்லை, மக்களேயும் இல்லை. "பில் எங்கே? பில் இல்லாம நான் என்ன செய்ய முடியும்?" பில் வேண்டாம் என்று சொன்ன அதே வாய்! அன்றைக்குச் சாயங்காலமே வாட்ஸாப்பில் பிளாக் செய்துவிட்டார்.

நேற்று மார்த்தாண்டத்தில் இருக்கும் நண்பன் ஒருவன் கழற்றிப் பார்த்தான். என் மதர்போர்டில் பிராசசர் உட்காரும் சாக்கெட் எல்ஜிஏ 1700 வகை, கூலர் மாட்டும் திருகு ஓட்டைகளுக்கு இடையே 78 மில்லிமீட்டர். போட்டிருந்ததோ பழைய சாக்கெட்டுக்கான 75 மில்லிமீட்டர் பிராக்கெட். திருகைச் சாய்த்து முறுக்கியிருக்கிறார்கள், கூலர் ஒரு பக்கம் மட்டும்தான் பிராசசரில் பட்டிருக்கிறது, நடுவே சூடு கடத்தத் தடவும் பேஸ்டில் பாதிதான் அழுந்தின அடையாளம். ஃபேன் வயரைப் போர்டில் கொடுக்காமல் நேரே கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் கொடுத்திருக்கிறார்கள், அதனால் வேகம் குறையவே குறையாது. ஃபேன் இல்லை என்று போர்டு எச்சரிக்கை காட்டாமல் இருக்க, போர்டின் அடிப்படை செட்டிங்கான பயாஸிலேயே அதை அணைத்தும் வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் போகட்டும், புதுப் பேஸ்டுக்கு அடியில் காய்ந்துபோன பழைய பேஸ்ட், தகடுகளுக்கு நடுவே யாரோ வீட்டுத் தூசி. யாரோ கழற்றிப் போட்ட பழையதைப் புதுசு என்று 4,600 ரூபாய்க்கு என் தலையில் கட்டியிருக்கிறார்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாக: பில் இல்லாமல் வாங்காதீர்கள். உங்கள் சாக்கெட்டின் நம்பர் பெட்டியில் இருக்கிறதா பாருங்கள். நாலு முனை ஃபேன் வயர் போர்டில் சிபியு ஃபேன் என்று போட்ட இடத்தில்தான் சொருக வேண்டும். கேபினெட்டுக்குள் கூலர் உயரம் அடங்குமா என்று அளந்துகொண்டு போங்கள். கடையில் சத்தத்தைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், பத்து நிமிஷம் முழு லோடில் ஓட்டி டிகிரியைக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் அனுப்பிய விவரமும் சாட் படங்களும் கையில் இருக்கின்றன, காலையில் 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடப் போகிறேன். இப்போதைக்குப் பழைய ஃபேனையே திரும்ப மாட்டியிருக்கிறேன். ரெண்டு மணிக்கூர் கல்யாண வீடியோ ரெண்டர் ஆகிறது, அப்பா பாயை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.