காரைக்குடியிலிருந்து ஜப்பான் சாப்பாட்டுக்கு: சென்னையா, சிங்கப்பூரா?

செட்டிநாட்டுக்காரர்கள் ஜப்பான் சாப்பாடு சாப்பிட ஊரைவிட்டுக் கிளம்பத்தான் வேண்டும். விடியற்காலைப் பல்லவன் ரயிலைப் பிடித்தால் மதியத்துக்குள் எழும்பூர். திருச்சியில் விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். அங்கே மகனோ மருமகனோ இருக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய என்பதால் இரண்டையும் ஒப்பிடுவதில் அர்த்தம் உண்டு.

முதல்முறை சாப்பிடுகிறவருக்கு என் ஓட்டு சென்னைக்குத்தான். ஒரகடம் பக்கத்துக் கார் கம்பெனிகளுக்கு வந்த ஜப்பானியர்கள் தேடிப்போகும் கடைகள் அங்கே இருக்கின்றன. நுங்கம்பாக்கம் டாலியா அதில் பழையது. பச்சை மீனில் ஆரம்பிக்காதீர்கள். தெம்புரா, கோழி கத்ஸு என்று பொரித்ததில் தொடங்குங்கள். தெம்புரா மாவை ஐஸ் தண்ணீரில், கட்டி கட்டியாக இருக்கும்போதே கலக்குவதை நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் மேல்தோல் அவ்வளவு மெல்லிசாக நொறுங்குகிறது.

காரம் இல்லையே என்று நம் நாக்கு முதலில் முறைக்கும். அவர்கள் ருசி மிளகாயில் இல்லை, தாஷி என்ற சாறில் இருக்கிறது. கொம்பு என்ற கடற்பாசியையும், சூரை வகை மீனைப் புகைபோட்டுக் காயவைத்துச் சீவிய கத்ஸுவோபுஷியையும் வெந்நீரில் போட்டு இறுத்து எடுப்பது. நம் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். மீசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப்பில் மீன் துண்டு கண்ணில் படாது, ஆனால் மீன் இருக்கும். வெள்ளிக்கிழமை கவுச்சி தொடாத ஆச்சியைக் கூட்டிப்போனால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தொன்கொத்ஸு ராமென் என்றால் பன்றி எலும்புச் சாற்றில் நூடுல்ஸ்.

சுஷிக்கு, அதாவது சோற்று உருண்டைமேல் மீன் வைத்ததற்கு, சிங்கப்பூர்தான். சுஷிரோ மாதிரிக் கடைகளில் தட்டின் நிறத்துக்கு ஒரு விலை, திரையைத் தொட்டு ஆர்டர். பிடித்ததை இன்னொரு தட்டு, பிடிக்காததை அந்த ஒரு தட்டோடு விடலாம். கற்றுக்கொள்ள இதைவிடச் சிக்கனமான இடம் இல்லை. சோயா சாஸில் தொடும்போது மீன் பக்கத்தைத் தொடுங்கள். சோற்றுப் பக்கம் தொட்டால் உருண்டை உதிர்ந்து உப்புக் கரிக்கும். பிள்ளைகளுக்குக் கோகோ இச்சிபான்யா: குழம்பும் சோறும், காரத்தின் அளவை நாமே சொல்லலாம்.

பெரிய செலவு செய்வதானால்? கிண்டி ஐடிசி கிராண்ட் சோழாவின் பான் ஏஷியனில் ஜப்பானோடு சீனம், தாய், கொரியா எல்லாம் உண்டு. நாலு பேர் நாலு விதமாகச் சாப்பிடும் குடும்பத்துக்கு அது சௌகரியம். ஜப்பானுக்காகவே போகிறவர் அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்துச் சிங்கப்பூரில் ஒரு ஓமகாசே சாப்பிடலாம். மெனு கிடையாது, சமையற்காரர் கொடுப்பதுதான் சாப்பாடு. மரீனா பே சாண்ட்ஸில் 2010இல் சமையற்கலைஞர் தெத்சுயா வாக்குடா தொடங்கிய வாக்கு கின் உணவகத்தில் இறாலோடு கடல்முள்ளெலி முட்டையும் கேவியர் என்ற மீன் முட்டையும் சேர்த்துத் தருவது பேர்போனது. இந்த மாதிரி இடங்களில் வாக்யு மாட்டிறைச்சி அநேகமாக வரும். சாப்பிடாதவர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும், உட்கார்ந்தபின் மாற்றுவது அவர்களுக்குக் கஷ்டம்.