போர்செட்டுக்கு மொபைல் ஸ்டார்ட்டர்: பல பட்டம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

கும்பகோணம், பாபநாசம் பக்கம் இப்போது நிறைய மோட்டார் கொட்டகையில், போனிலிருந்தே மோட்டாரைப் போட்டு நிறுத்துகிற இந்த மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்க்கலாம். வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் எல்லோரும், "ராத்திரியில வயலுக்குப் போற வேலை மிச்சம், அதானே?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதுவும் உண்டு. மழைக்காலத்தில் டார்ச்சோடு வரப்பில் நடந்தவர்களுக்கு விரியன் பயம் என்னவென்று தெரியும். ஆனால் குறுவை, சம்பா என்று நெல்லில் பல பட்டம் (சாகுபடிப் பருவம்) ஓட்டிய பிறகு நான் சொல்வது, மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுருளான காயில் எரியாமல் காப்பதற்காகவே இதை வாங்கலாம் என்பதுதான்.

எங்களுக்கு ஆறு மா நிலம், கொள்ளிடத்துக்குத் தெற்கே. பில்டர் பாயிண்ட் (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு), 5 எச்பி மோட்டார். பழைய ஸ்டார்ட்டரைத் தூக்கிப் போடத் தேவையில்லை. அந்த ஸ்டார்ட்டருக்குள் தனியாக இருக்கிற சின்னக் காயிலுக்குப் போகிற வயரில் இந்தப் பெட்டியை இணைத்து, உள்ளே ஒரு சிம் போட்டுவிடுவார்கள். அந்த நம்பருக்குக் கூப்பிட்டால் மூன்று பேஸும் (மூன்று லைனிலும் கரண்ட்) வருகிறதா, மோட்டார் ஓடுகிறதா என்று தமிழிலேயே சொல்லும், பிறகு ஒரு எண்ணை அழுத்தினால் ஓடும், இன்னொன்றை அழுத்தினால் நிற்கும். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன், அவரே போட்டு அவரே நிறுத்துகிறார், என்னைக் கூப்பிடுவதே இல்லை.

சரி, மோட்டார் காயில் விஷயத்துக்கு வருகிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போய்விட்டால் மோட்டார் உடனே நிற்காது, மிச்சம் இருக்கிற இரண்டு பேஸில் கூடுதலாகக் கரண்ட் இழுத்துக்கொண்டு முனகும், கொஞ்ச நேரத்தில் காயில் கருகிவிடும். கழற்றி, கடைக்குக் கொண்டு போய், ரீவைண்டிங் செய்து, திரும்ப மாட்டுவதற்குள் நடவு வயல் வெடித்துவிடும். இந்தப் பெட்டி ஒரு பேஸ் குறைந்த நொடியே நிறுத்திவிட்டு நமக்கும் தகவல் சொல்கிறது. தண்ணீர் ஏறாமல் வெறுமனே ஓடுவதும் அதே மாதிரிதான். தண்ணீர் ஏறாவிட்டால் மோட்டார் இழுக்கிற ஆம்பியர் குறையும், அதை வைத்துத்தான் பெட்டி கண்டுபிடிக்கிறது. அதனால் குழாய் நிறையத் தண்ணீர் கொட்டும்போது மெக்கானிக்கை வைத்து ஆம்பியர் பார்த்து, அதற்குக் கீழே எவ்வளவு இறங்கினால் நிற்க வேண்டும் என்று செட் பண்ணச் சொல்லுங்கள். பலர் கடையில் வைத்த அளவிலேயே விட்டுவிடுகிறார்கள், அப்புறம் கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது சும்மா சும்மா நிற்கிறது என்று பெட்டியைத் திட்டுகிறார்கள்.

2024ல் இதன் அருமை நன்றாகவே தெரிந்தது. மேட்டூரை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12ல் அணையில் தண்ணீர் இல்லை, ஜூலை 28ல்தான் திறந்தார்கள். அதுவரை குறுவைக்குப் போர் தண்ணீர் ஒன்றுதான் கதி, கரண்ட் இருந்த நேரமெல்லாம் மோட்டார் ஓடியது. காயில் போயிருந்தால் அந்தப் பட்டமே போயிருக்கும்.

ஆட்டோ மோடு பற்றி எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். கரண்ட் வந்ததும் தானாக ஓடுகிற வசதி அது. ஒரே டிரான்ஸ்பார்மரில் பத்து மோட்டார் இருந்து, பத்தும் ஆட்டோவில் இருந்தால் என்ன ஆகும்? கிளம்பும்போது மோட்டார் சாதாரணமாக இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பினால் வோல்டேஜ் சரிந்துவிடும், பியூஸும் போய்விடும். இதற்குப் பெட்டியிலேயே தாமதம் வைக்கும் வசதி இருக்கிறது. எங்கள் டிரான்ஸ்பார்மரில் இருப்பவர்கள் பேசி வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு நேரம் வைத்திருக்கிறோம். எல்லா ஊரிலும் செய்ய வேண்டிய வேலை இது.

சிம் விஷயத்தில்தான் புதிதாக வாங்குகிறவர்கள் முழிக்கிறார்கள். விலை குறைந்த பெட்டிகள் பெரும்பாலும் 2ஜியில் ஓடுபவை. ஜியோவில் 2ஜி கிடையாது, அதனால் அந்த சிம் இவற்றில் எடுக்காது. நாம்தானே கூப்பிடுகிறோம், எதற்கு ரீசார்ஜ் என்று விட்டுவிடவும் முடியாது, வேலிடிட்டி முடிந்தால் இன்கமிங்கும் நின்றுவிடும். டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் பேக் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி கொண்டு வந்தது நம் மாதிரி ஆட்களுக்கு நல்ல காரியம். வருஷத்துக்கு ஒரு தடவை போட்டால் போதும் என்கிற பேக்காகப் பார்த்துப் போடுங்கள். பதிவு செய்த நம்பருக்கு மட்டும் பதில் சொல்கிற பெட்டியாகவும் இருக்கட்டும், விளம்பரக் காலுக்கெல்லாம் அது வாயைத் திறக்கக் கூடாது.

ஆப் வைத்து ஓட்டுகிற மாடலைப் பக்கத்து வயல் அண்ணன் வைத்திருக்கிறார். எத்தனை மணி நேரம் ஓடியது என்றெல்லாம் படம் போட்டுக் காட்டும், பார்க்க அழகு. ஆனால் நெட் நிற்கிற நேரம் மோட்டாரும் கைக்கு எட்டாமல் போகிறது, வருஷா வருஷம் சந்தா வேறு. இப்போதைக்கு டெல்டாவுக்குக் கால் பண்ணி ஓட்டுகிற மாடல்தான் என்பது என் முடிவு.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்தே ஓட்டலாம் என்றானதும் ஆட்கள் வயலுக்குப் போவதைக் குறைத்துவிட்டார்கள். எலி வளையும் நண்டு வளையும் வழியாகத் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்க்கொண்டிருந்தாலும் பெட்டிக்குத் தெரியாது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காய விட்டு விட்டுத் தண்ணீர் கட்ட வேண்டிய நெல்லுக்கு டைமர் வைத்துத் தினமும் பாய்ச்சுகிறவர்களும் இருக்கிறார்கள். மின்சாரம் இலவசம், நிலத்தடித் தண்ணீர் அப்படியில்லை. டைமரை நான் நாற்றங்காலுக்கு மட்டும்தான் பயன்படுத்துகிறேன். மற்ற வயலில் காலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போன்.

வேளாண்மைப் பொறியியல் துறையில் இதற்கு மானியம் உண்டு, வாங்குவதற்கு முன்பே போய் விசாரித்துவிடுங்கள். வாங்கிய பிறகு வீட்டில் எல்லோரிடமும் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: மோட்டாரில் யாராவது கை வைத்திருக்கும்போது வீட்டிலிருந்து இன்னொருவர் போட்டுவிட முடியும், ஆட்டோவில் இருந்தால் யாருமே போடாமலும் ஓடும். அப்பா பெல்ட்டையோ வயரையோ தொடுவதற்கு முன்னால் மெயினை இறக்கி, மூன்று பியூஸ் கட்டையையும் உருவி மடியில் கட்டிக்கொள்வார், அதற்கப்புறம்தான் வேலை.