காம்பாக்ட்டா, டிஎஸ்எல்ஆரா: ஒரு பரத மேடையிலிருந்து பார்த்தால்

மகள் பரதம் ஆடத் தொடங்கிய பிறகுதான் காம்பாக்ட் கேமரா (லென்ஸைக் கழற்ற முடியாத சின்னக் கேமரா) எங்கே கைவிடும் என்று எனக்குப் புரிந்தது. பகலில் அது எடுத்த படங்களில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சபாவின் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து எடுத்தால் மட்டும் முகம் தெளிவாக இருக்கும், கை கரைந்துபோயிருக்கும். முத்திரை தெரியாத பரதப் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உள்ளே கண்ணாடி இருக்கும், லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய டிஎஸ்எல்ஆர் பக்கம் பார்வை போனது அப்படித்தான்.

என்னைப் போல யோசிப்பவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றில்தான் வந்து நிற்பார்கள். கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 எச்எஸ் மாதிரி ஒரு நல்ல காம்பாக்ட்டோடு நின்றுகொள்வது, நிகான் டி3500 வாங்குவது, கேனான் இஓஎஸ் 200டி மார்க் 2 வாங்குவது. மெகாபிக்சலை மறந்துவிடலாம். முதலாவதில் 20, மற்ற இரண்டிலும் 24. கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் அதிலிருந்து வருவதில்லை.

வித்தியாசம் சென்சாரில், அதாவது வெளிச்சத்தைப் பிடித்துப் படமாக்கும் சில்லில் இருக்கிறது. காம்பாக்ட்டின் சென்சார் சுமார் 6.2க்கு 4.6 மி.மீ., சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. டி3500-ல் 23.5க்கு 15.6, 200டி மார்க் 2-ல் 22.3க்கு 14.9. பரப்பளவில் 12, 13 மடங்கு. வாசலில் சின்னக் கிண்ணத்தையும் பெரிய அண்டாவையும் வைத்து மழைத்தண்ணீர் பிடிப்பதுபோலத்தான் இது. மேடை விளக்கில் காம்பாக்ட்டின் ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு, 1600-க்குப் போனாலே ஜரிகை குழம்பிவிடுகிறது. டிஎஸ்எல்ஆரில் 3200 வரை நான் தயங்குவதில்லை.

ஆனால் இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பாடியோடு (லென்ஸ் இல்லாத கேமராவோடு) வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸை 55-க்கு நீட்டினால் (இந்த எண் கூடக் கூட எட்டத்தில் இருப்பது நெருக்கமாகத் தெரியும்) அதன் துளை எஃப் 5.6 ஆகச் சுருங்கிவிடும். எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது. காம்பாக்ட் லென்ஸோ அகலக் கோணத்தில் எஃப் 3.3. பெரிய அண்டாவை வாங்கி, மேலே தட்டைப் போட்டு முக்கால்வாசி மூடிவைத்த மாதிரி. அதே இடத்தில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் பூட்டிப் பாருங்கள். 5.6-ஐவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 1/30 வினாடியில் திண்டாடிய ஷட்டர் 1/300-க்குப் போகும். கை நின்றுவிடும், முத்திரை தெரியும். என்னைக் கேட்டால் பாடியில் மிச்சம் பிடித்தாவது இந்த ஒரு லென்ஸை வாங்கிவிட வேண்டும். கேனானின் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் வெறும் 160 கிராம். 200டி மார்க் 2-ல் அது, 35 மி.மீ. ஃபிலிம் கேமராக் கணக்கில், 80 மி.மீ. போல நெருக்கமாகக் காட்டுவதால் மேடைக்கு மிகவும் தோதானது.

இன்னொரு லாபம் நேரம். தீர்மானத்தின் (ஆட்டப் பகுதியை முடித்துவைக்கும் அடவுக் கோவையின்) கடைசி அடி விழும்போது பட்டனை அழுத்தினால், காம்பாக்ட் ஃபோகஸைத் தேடி முடிப்பதற்குள் குழந்தை நிமிர்ந்து நமஸ்காரம் செய்யப் போய்விடுகிறாள். டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம்) வழியே பார்த்து எடுக்கும்போது அந்தக் காத்திருப்பு அநேகமாக இல்லை. பதிலுக்குச் சத்தம் உண்டு. கண்ணாடி மேலேறி இறங்கும் 'டக்' பக்கத்து இருக்கைக்கும் கேட்கும். இரண்டு கேமராவிலும் சத்தத்தைக் குறைக்கும் அமைப்பு இருக்கிறது. பதம், அபிநயப் பகுதிகளில் அதைப் போட்டுக்கொள்வது ஆடுபவருக்கும் ரசிப்பவருக்கும் நாம் காட்டும் மரியாதை.

சரி, பறவைக்காக மாறுகிறேன் என்றால்? அப்போது என் பதில் வேறு. வேடந்தாங்கல் கரையில் நின்று ஏரி நடுவிலுள்ள மரத்தில் நாரைக் கூட்டை எடுக்க எட்டும் தூரம்தான் முதலில் வேண்டும். அதே ஃபிலிம் கணக்கில் எஸ்எக்ஸ்740, 960 மி.மீ. வரை போகும். நிகானின் பி900 2000 மி.மீ. வரை. டி3500-ல் 70-300 லென்ஸ் போட்டாலும் 450-க்குச் சமமாகத்தான் வரும். அதற்குமேல் போகும் டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் விலையிலும் எடையிலும் வேறு உலகம். நல்ல வெயிலில் எடுப்பவர்கள் பெரிய ஜூம் கேமராவோடு நிற்பதில் எந்தத் தப்பும் இல்லை. பயணம், கல்யாண வீடு, கோயில் கோபுரம் இவற்றுக்கும் காம்பாக்ட்டே போதும்.

டிஎஸ்எல்ஆர்தான் என்று முடிவானால் நிகானா, கேனானா? டி3500 இலகு, பாட்டரி அசத்தல்: நிகான் சொல்லும் கணக்கு ஒரு சார்ஜுக்கு 1,550 படம். 200டி மார்க் 2-க்கு 1,070. இரண்டுமே ஒரு கச்சேரிக்குத் தாராளம். நிகானில் ஒரு பொறி இருக்கிறது. ஃபோகஸ் மோட்டார் பாடிக்குள் கிடையாது. பழைய 50 மி.மீ. 'டி' லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் திருப்ப வேண்டும். லென்ஸுக்குள் மோட்டார் உண்டு என்பதற்கு அடையாளமாக ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கேனானில் இந்தத் தொல்லை இல்லை. 1987-ல் தொடங்கிய இஎஃப் வரிசையின் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. 200டி மார்க் 2-ல் திரும்பும் தொடுதிரையும் மைக் சொருக இடமும் உண்டு. திரையைப் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸ் வேகம். 4கே வீடியோவில் மட்டும் அந்த வேகம் வராது, 1080-ல் எடுங்கள். நடனத்தை வீடியோவும் எடுப்பவர் என்பதால் நான் கேனானை எடுத்தேன். படம் மட்டும் போதும் என்பவருக்கு நிகானையே சொல்வேன்.

டி3500 தயாரிப்பு நின்றுவிட்டது. இரண்டு நிறுவனங்களும் உள்ளே அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்குப் போய்விட்டன. அதனால் பயப்பட வேண்டாம். லென்ஸை அடாப்டர் போட்டு நாளை மிரர்லெஸ் பாடியிலும் பூட்டிக்கொள்ளலாம். பழையது வாங்கும்போது ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்று கேளுங்கள். டி3500-ன் ஷட்டரை நிகான் 1,00,000 முறைக்குச் சோதித்திருக்கிறது. அப்புறம், லென்ஸின் இரு மூடியையும் கழற்றி, செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் பூஞ்சை. சென்னை மாதிரி கடலோர ஈரப்பதத்தில் பீரோவுக்குள்ளேயே கிடந்த லென்ஸ்களில் இது சாதாரணம். விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். நல்லதாகக் கிடைத்ததை, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். சமையலறை டப்பாவே போதும்.